பீப்பாய்க் கொட்டகையின் தொண்ணூறு நாள்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இரண்டு பம்பு மோட்டார் வந்தன. ஒன்றில் எலி கை வைத்திருந்தது, இன்னொன்றில் அதன் சொந்தக்காரர். எலி செய்த சேதம் குறைவு.

மதியம் தபாலில் ஒரு கடிதம். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். என் பட்டறை நிற்கும் இடம் சாலைக்கு வேண்டுமாம். "மேற்படி இடத்திலுள்ள தற்காலிகக் கொட்டகையை ஜூன் முதல் தேதிக்குள் அகற்றிக்கொள்ளவும்." சரியாகத் தொண்ணூறு நாள். நிரந்தரக் கட்டடமென்றால் மாற்று இடம் தருவார்கள். தற்காலிகத்துக்கு ஒன்றும் கிடையாது.

தற்காலிகமாம்! போர்க்காலத்தில் ராணுவம் இங்கே முகாம் போட்டபோது கட்டியது. போர் முடிந்ததும் நாற்பது கொட்டகையில் முப்பத்தொன்பதை ஆளுக்கொன்றாகக் கழற்றி வாங்கிப் போய்விட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் என் மாமனார் கழற்றாமல், அது நின்ற இடத்திலேயே வாங்கி உரமூட்டை அடுக்கினார். அவருக்குப் பிறகு நான். முப்பத்தொரு வருடமாக இந்த அரைவட்டத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கிறேன். கவிழ்த்த பீப்பாய் மாதிரி இருப்பதால் சுற்றுவட்டாரம் முழுக்க இதற்குப் பீப்பாய்க் கடை என்றுதான் பெயர். நிலம் அரசாங்கத்தினுடையது, கொட்டகை எங்களுடையது. யாரும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், எதையும் வேகத்தைக் குறைத்துத்தான் நெருங்குவார். "இன்னும் தொண்ணூறு நாள் இருக்குல்ல" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

மார்ச் 4, புதன்

சாலை அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மேசை, மூன்று பேர், ஒரே பதில்.

மகன் நகரத்திலிருந்து போன் செய்தான். "இங்க ஒரு ரூம் சும்மாதானம்மா கிடக்கு. ரெண்டு பேரும் வந்துடுங்க. நீங்க உழைச்சது போதும்" என்றான். நல்ல பிள்ளை, நல்ல மனசு. ஆனால் எனக்கு வயது ஐம்பத்தெட்டு. சும்மா இருக்கும் ரூமில் நானும் சும்மா இருந்தால் ஆறு மாதத்தில் துருப்பிடித்துவிடுவேன். ஊருக்குள் கடை பிடிக்கலாமென்றால் வார்னிஷ் நாற்றத்துக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள். பட்டறை போனால் நான் போனேன். அவ்வளவுதான் கணக்கு.

அதனால் பட்டறை போகாது.

மார்ச் 9, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டேன். பழைய கட்டடங்களைப் பாதுகாக்க ஒரு துறை இருக்கிறது. அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் சாலைதான் வளைந்து போக வேண்டும், கட்டடம் நகராது. விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். "தனிச்சிறப்பு ஏதேனும் உண்டா?" என்று ஒரு கட்டம். அங்கே இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்: உள் தகரம் முழுக்கச் சிப்பாய்கள் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போக எத்தனை நாள் என்று ஐந்தைந்தாகக் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு நாய்ப் படம். சூப்பில் உப்பில்லை என்று சமையல்காரனைத் திட்டி நாலு வரி, அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் சமையல்காரன் திருப்பித் திட்டியது.

இதை வைத்துக்கொண்டு தோற்க முடியுமா?

மார்ச் 17, செவ்வாய்

வருகிற வியாழன் கழித்து அடுத்த வியாழன், 26ஆம் தேதி, ஆய்வாளர் வருகிறார். பாதி கிணறு தாண்டியாயிற்று.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு நாளாக முதுகு ஒடிய வேலை. துருவெல்லாம் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளியே செங்காவிப் பூச்சு, உள்ளே வெள்ளிப் பூச்சு. வளைவு வளைவாக மின்னுகிறது. கதவுக்குப் புதுக் கீல். பழைய ஜன்னல் ஒன்று கழன்று ஆடிக்கொண்டிருந்தது, அதையும் அலுமினியத்தில் மாற்றிவிட்டேன்.

இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே விட்டிருக்கலாமோ" என்று இழுத்தார். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் பெருக்காமலா இருப்போம் என்று கேட்டேன். அழுக்குக் கொட்டகையைக் காட்டி இதைக் காப்பாற்று என்றால் எவர் கேட்பார்? எழுத்தெல்லாம் பார்த்தது போதும், நான்தான் விண்ணப்பத்தில் வரிவரியாக எழுதிக் கொடுத்துவிட்டேனே.

கை காப்புக் காய்த்துவிட்டது. ஆனால் மனசு நிறைவாக இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதி வைக்கிறேன்.

முப்பது வயதுப் பெண், கழுத்தில் கேமரா, இடுப்பில் அளவு டேப்பு. உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் பெருமையாகப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டாள், "அம்மா, இங்க பென்சில் எழுத்து இருக்குன்னு எழுதியிருந்தீங்களே?"

"இருந்துச்சும்மா."

"எங்க?"

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் இங்கதான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை. நகத்தால் ஒரு மூலையில் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். அடியில் பழைய ராணுவப் பச்சைப் பூச்சு கூட இல்லை, வெறும் தகரம். கம்பிப் பிரஷ் எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தது. நான் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறவளில்லையே. பழைய ஜன்னலைக் கேட்டாள். இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டேன் என்றேன். டேப்பால் நீளம் அகலம் அளந்தாள், முப்பத்தாறு அடி, பதினாறு அடி. குறித்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டு, "ரொம்ப சுத்தமா வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடியே, புத்தி எங்கடி போச்சு உனக்கு? முப்பத்தொரு வருஷம் தூசி தட்டாம இருந்தவ, அந்த ஒரு வாரம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? அந்தப் பசங்க எண்ணி எண்ணிப் போட்ட கோடு. குண்டு மழைக்குத் தப்பிச்சு வந்தது, உன் கைக்குத் தப்பலையே.

மார்ச் 28, சனி

நான்கு மோட்டார் முடித்தேன். தகரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

பதில் வந்துவிட்டது. "உட்புறப் பரப்பு முழுமையாக மாற்றப்பட்டுள்ளதால் பட்டியலில் சேர்க்க இயலவில்லை." எதிர்பார்த்ததுதான்.

உறைக்குள் இன்னொரு தாளும் இருந்தது. டேப்புக்காரப் பெண் தானாக வைத்திருக்கிறாள்: போர்க்காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த எங்கள் பகுதியின் படம். நாற்பது கொட்டகையும் வரிசையாக, அரிசி மணி பரப்பியது போல. ஓரத்தில் அவள் கையெழுத்து: "உங்களுடையது மேலிருந்து இரண்டாவது வரிசை, முதலாவது. வைத்துக்கொள்ளுங்கள்."

இவர் பூதக்கண்ணாடி வைத்து அரை மணி நேரம் பார்த்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மீதி முப்பத்தொன்பதும் எங்கே போயிற்று என்று ஒரு வெறி. படத்தை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றினேன். இத்தனை வருடம் கண்ணில் பட்டும் படாமலும் இருந்ததெல்லாம் இன்றைக்குத்தான் தெரிகிறது. வாய்க்கால் பாலத்தின் மேல் கிடக்கும் வளைந்த தகரம் அந்த முகாமினுடையது. ஒரு வீட்டு வாசலில் கொடி படர்ந்திருக்கும் இரும்பு வளைவு, கொட்டகையின் விலா எலும்பு. பழத்தோட்டத்து நடுவில் மூன்று சிமெண்டுப் படிகள், ஏறிப் போனால் எந்த வீடும் இல்லை.

நாலு மைல் தள்ளி ஒரு கோழிப்பண்ணையில் முழுக் கொட்டகையே நின்றது. உள்ளே இருநூறு கோழி. பண்ணைக்காரர் எங்கள் பழைய வாடிக்கையாளர்தான். எப்படி இங்கே வந்தது என்று கேட்டேன்.

"எங்கப்பா வாங்கிட்டு வந்தது. ஆறு பேரு, ஒரே நாள்ல கழட்டி வண்டியில ஏத்திட்டாங்களாம். ஸ்பேனரைத் தவிர வேற சாமானே வேணாமாம்" என்றார்.

வண்டியைத் திருப்பியதுதான் தெரியும், பட்டறைக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. அண்ணாந்து பார்த்தேன். விலா ஒவ்வொன்றும் மூன்று துண்டு. துண்டுக்குத் துண்டு போல்ட். தகரத்துக்குத் தகரம் போல்ட். ஆயிரக்கணக்கான மோட்டாரைக் கழற்றி மாட்டினவள், தலைக்கு மேலே இருந்ததைக் கழற்றலாம் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. மார்ச் 3ஆம் தேதிப் பக்கத்தைப் புரட்டினால் "கழற்றி வாங்கிப் போய்விட்டார்கள்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியவில்லை.

அகற்றச் சொன்னார்கள் இல்லையா? அகற்றுகிறேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

டேப்புக்காரப் பெண்ணுக்குப் போன் செய்து, கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் சட்டம் ஏற்குமா என்று கேட்டேன். அவள் குரலில் முதல் முறையாக ஒரு சிரிப்பு.

"புதுசா காங்கிரீட் தளம் போட்டா அது புதுக் கட்டடம்மா. அனுமதி கிடைக்கவே ஒரு வருஷம் ஆகும். ஆனா ஏற்கெனவே இருக்கிற முகாம் தளத்துல பழைய கொட்டகையை மாட்டினா அது வெறும் இடமாற்றம். நிலத்துக்காரர் கையெழுத்தோட ஒரு கடிதம் போதும்" என்றாள்.

அப்படியானால் எனக்கு வேண்டியது ஒரு பழைய தளம். நாற்பது கொட்டகைக்கும் ஒரே அளவுதான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மழை பெய்து இரண்டு மாதமாகிறது. ஊர் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினேன். இவர் கீழே நின்று இறங்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேலிருந்து பார்த்தால் மேய்ச்சல் நிலத்தில் அப்படியே தெரிகிறது. மண்ணுக்கு அடியில் காங்கிரீட் இருக்கும் இடத்தில் வேர் இறங்காது, அங்கே புல் முதலில் காய்ந்துவிடும். பச்சைக்கு நடுவில் நீளநீளமாக வெளுத்த கட்டங்கள், பதினொன்று. விமானப் படத்தை விரித்துப் பிடித்தேன். அச்சு அசல்.

பதினொன்றும் ஒரே ஆள் நிலத்தில். பால்காரம்மா நிலத்தில்.

ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

ஏப்ரல் 20, திங்கள்

இதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

பால்காரம்மாவும் நானும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. அதற்கு முன்னால் அக்கா அக்கா என்று அவர் வீட்டு அடுப்படி வரை போவேன். அவருடைய பால் குளிரூட்டும் மோட்டார் எரிந்து, நான் கம்பி சுற்றிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் மறுபடி எரிந்தது. இரண்டு நாள் பால் முழுக்கக் கெட்டு வாய்க்காலில் ஊற்றினார். என்னிடம் வந்து கேட்டபோது, "என் வேலையில குறை இல்லை, உங்க லைன்ல கரண்ட் சரியில்லை" என்று பட்டறையில் நாலு பேர் முன்னால் சொன்னேன்.

குறை என் வேலையில்தான். சுற்றி முடித்து வார்னிஷ் ஊற்றினால் ஒரு நாள் முழுக்கச் சூட்டில் காய வேண்டும். அன்றைக்கு வேலை குவிந்து கிடந்தது, அரை நாளில் எடுத்துவிட்டேன். அவர் மோட்டாரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டபோதே, உள்ளே கை வைத்ததும் பிசுபிசுப்பில் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் கரண்ட் மேல் பழி போட்டேன்.

இப்போது போய்ச் சொன்னால், தளத்துக்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார். நினைக்கட்டும், உண்மையும் அதுதானே. தளம் தேவைப்படாவிட்டால் சொல்லியிருப்பேனா?

மாட்டேன்.

ஏப்ரல் 23, வியாழன்

போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது, தூரத்திலிருந்து பார்த்தபோது தெரிந்ததில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

"அக்கா, அந்த மோட்டார் எரிஞ்சது என் தப்புதான். வார்னிஷ் காயறதுக்குள்ள எடுத்துட்டேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

வாளியைக் கீழே வைத்தார். "எனக்கும் அன்னைக்கே தெரியும். உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சு. நீயா வந்து சொல்றியான்னு பாத்தேன். ஒம்பது வருஷம் ஆக்கிட்டே" என்றார்.

"இப்பவும் ஒரு வேலையாத்தான் வந்திருக்கேன்."

"அதுவும் தெரியும். வேலையில்லாம நீ எங்க போயிருக்கே."

முழுவதையும் சொன்னேன். வாடகை தருகிறேன் என்றேன். அவர் கேட்டுவிட்டு, யோசிக்க வேண்டும் என்றார். உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது தோளிலிருந்து ஏதோ இறங்கியது மாதிரி இருந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு

தகவல் இல்லை.

ஏப்ரல் 28, செவ்வாய்

தகவல் இல்லை. இவர், "நீ சொன்னது பெருசு. அவங்களுக்கும் நேரம் வேணும்ல" என்றார். இந்த மனிதர் வாயைத் திறப்பது குறைவு, திறந்தால் சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 30, வியாழன்

இன்னும் முப்பத்திரண்டு நாள். போகும் வழியில் பால்காரம்மா வீட்டு வாயில் கதவருகே நிற்கலாமா என்று இரண்டு முறை வேகத்தைக் குறைத்தேன். நிற்கவில்லை. கேட்டாயிற்று, இனி அவர் முறை.

மே 1, வெள்ளி

பால்காரம்மா பட்டறைக்கு வந்தார். நான் மோட்டாருக்குள் தலையை விட்டிருந்தேன். சுற்றிலும் வெள்ளிப் பூச்சைப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது. யாரு பண்ணச் சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலக்கா. நானேதான்."

"அதானே பாத்தேன்."

மேற்கு ஓரத்துக் கட்டத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சாலையிலிருந்து வண்டிப்பாதை இருக்கிறதாம். கடிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: அதன் ஒரு பாதியை இருபது வருடச் சாணக் குவியல் மூடிக் கிடக்கிறது. அதை ஆள் வைக்காமல் என் கையால் அள்ள வேண்டும்.

"ஒம்பது வருஷத்துக்கு அது ஒண்ணும் அதிகமில்லை" என்று சொல்லிவிட்டு, வார்னிஷ் அடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஒரு நாள் முழுக்க வைக்கிறியா இப்பல்லாம்?"

"வைக்கிறேன்க்கா."

மே 6, புதன்

சாணம். நாலு நாளாகச் சாணம். என் தலைமுடியே இப்போது நல்ல உரம். பால்காரம்மா தினமும் நாலு மணிக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த மூலை, இந்த மூலை என்று விரல் நீட்டுகிறார். மேற்பார்வை பிரமாதம்.

மே 9, சனி

தளம் வந்துவிட்டது. கழுவி விட்டுப் பார்த்தால் ஒரு விரிசல்கூட இல்லை. முப்பத்தாறுக்குப் பதினாறு. ஓரங்களில் போல்ட் துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன, ஆணியால் குத்தி எடுத்தேன்.

கதவு வர வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். குனிந்து பார்த்தேன், ஒரு கரண்டியின் தடம். ஈரக் காங்கிரீட்டில் எவனோ கரண்டியை அழுத்தி எடுத்திருக்கிறான். பிடியில் இருந்த எண்கூடப் பதிந்திருக்கிறது. ராணுவம் கொடுத்த கரண்டியாக இருக்கும். எதற்காக அழுத்தினான்? சும்மாதான். மேலதிகாரி அந்தப் பக்கம் திரும்பியிருப்பான்.

கொஞ்சம் சிமெண்டு குழைத்து அடைத்துவிடலாமா என்று இவர் கேட்டார். கையைத் தட்டிவிட்டேன்.

மே 17, ஞாயிறு

நேற்றும் இன்றும் கழற்றினோம். கோழிப்பண்ணைக்காரர் அப்பாவுக்கு ஒரு நாள் ஆனது, எங்களுக்கு இரண்டு நாள். காரணம் நான். பூச்சு ஏறி இறுகின போல்ட்கள் நாற்பத்தொன்றை அறுக்க வேண்டியதாயிற்று. "அழகு பாத்தவங்களே அறுக்கட்டும்" என்று மகன் ரம்பத்தை என்னிடம் நீட்டினான். அறுத்தேன்.

இவரும், இவரோடு பேருந்து ஓட்டும் இரண்டு பேரும், மகனும், டேப்புக்காரப் பெண்ணும், நானும். அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடவில்லை, விடுமுறை என்று வந்து நின்றாள். ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸில் எண் போட்டுக்கொண்டே வந்தாள். மோட்டார் கழற்றும்போது நான் செய்வது அதுதான், சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் பழைய இடத்தில் வெறும் தளம். இத்தனை சின்ன இடத்திலா முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தேன்? அழுகை வந்தது. பால்காரம்மாவின் டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

மே 24, ஞாயிறு

கொட்டகை எழுந்து நின்றுவிட்டது. கடைசி விலாவின் துளை தளத்துத் துளையோடு அரை அங்குலம் ஒத்துவரவில்லை. மகன் சுத்தியலை எடுத்தான். பால்காரம்மா அவனை விலகச் சொல்லிவிட்டு, முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு. உட்கார்ந்துவிட்டது.

ஜூன் 1, திங்கள்

தொண்ணூறாவது நாள். சாலைக்காரர்கள் இயந்திரத்தோடு வந்தார்களாம். இடிக்க ஒன்றுமில்லை. அலுவலகத்து மூன்று மேசைக்காரரில் ஒருவர் தேடிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். கடிதத்தைப் படித்தார், அண்ணாந்து பார்த்தார், மறுபடி படித்தார். பிறகு, அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் சத்தம் போடுகிறதாம், கொண்டுவரலாமா என்று கேட்டார்.

வரிசையில் ஏழாவது என்றேன்.

ஜூன் 7, ஞாயிறு

மின் இணைப்பு வந்து மூன்று நாள். இன்றைக்கு ஞாயிறென்றும் பார்க்காமல் வேலை. மழை பிடித்துக்கொண்டது, தகரத்தில் அடிக்கும் சத்தத்தில் போன் மணி கேட்கவில்லை. மூன்றாவது முறையில்தான் எடுத்தேன்.

மகன். பட்டறை எப்படி இருக்கிறது, ஒழுகுகிறதா, முதுகு வலி தேவலையா என்றெல்லாம் சுற்றி வளைத்துவிட்டு, "அம்மா, அந்த ரூம்ல இருக்கிற கட்டிலைக் கழட்டிடட்டுமா?" என்றான். கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறானா? எனக்குத் தெரியவே தெரியாது. ஏப்ரல் மாதமே வாங்கினானாம், இரண்டு பேர் படுக்கிற மாதிரி, எழுந்திருக்கச் சிரமமில்லாத உயரத்தில். சொன்னால் கோபித்துக்கொள்வேன் என்று சொல்லவில்லையாம்.

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். மழையில் லைன் போய்விட்டதென்று நினைத்து அவன் ஹலோ ஹலோ என்றான்.

"கழட்டுப்பா. நட்டு போல்ட்டை மட்டும் தொலைச்சுடாம ஒரு டப்பால போட்டு வை" என்றேன்.